களமும் பத்தாயமும்: வீட்டுச் சர்வரில் ஹார்ட் டிஸ்க்குகளை ஒன்றாக்கி, முன்னால் ஒரு எஸ்எஸ்டி வைப்பது எப்படி

அறுத்த நெல்லை யாரும் நேரே பத்தாயத்தில் கொட்டுவதில்லை. களத்தில் கிடக்கும், தூற்றுவார்கள், காயவைப்பார்கள், அப்புறம்தான் உள்ளே போகும். மன்னார்குடியில் கல்யாண வீடியோவும் போட்டோவும் எடுத்துப் பிழைக்கிற என் வீட்டுச் சர்வரும் இப்படித்தான் நடக்கிறது. 2 டிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்று களம். ஹார்ட் டிஸ்க்குகள் நான்கும் சேர்ந்து பத்தாயம். களத்தில் கிடக்கிற நெல்லுக்கு மழை பயம் உண்டு என்பதை மறந்தால் இந்த ஏற்பாடு நம்மைக் கைவிட்டுவிடும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஒரு கல்யாணத்துக்கு மூன்று கேமரா, ஒரு ட்ரோன். கார்டுகளை இறக்கினால் 300 முதல் 400 ஜிபி வரும். வருஷத்துக்கு 25 கல்யாணம் என்றால் ஏறக்குறைய 9 டிபி. ஆல்பமும் வீடியோவும் கொடுத்து ஒரு வருஷம் கழிந்ததும் ராவை, அதாவது கேமராவிலிருந்து வந்த மூல ஃபைல்களை, அழித்துவிடுவேன். முடித்த படமும் தேர்ந்தெடுத்த போட்டோக்களும் மட்டும் நிரந்தரமாக இருக்கும்.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது என்னிடம் இருந்தது நான்கு டிஸ்க் போட்ட ரெய்டு பெட்டி. அதில் ஒவ்வொரு ஃபைலும் துண்டு துண்டாக நான்கு டிஸ்க்கிலும் பரவிக் கிடக்கும். பெட்டிக்குக் கரண்ட் வேண்டும், நான்கு டிஸ்க்கும் ஒன்றாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஒரு போட்டோவையாவது திறக்கலாம். எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் வரவில்லை. வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பெண் வீட்டார் போட்டோ கேட்டு வந்து வாசலில் நின்றார்கள். பெட்டியையே பைக்கில் கட்டித் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்த்தான் எடுத்துக் கொடுத்தேன். எந்த டிஸ்க்கைக் கழற்றி எந்த லினக்ஸ் லேப்டாப்பில் செருகினாலும் அதிலுள்ள ஃபைல்கள் தனியாகத் திறக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். இந்தக் கட்டுரையில் வருகிற எல்லா முடிவுக்கும் அடிப்படை அதுதான்.

என்னென்ன வேண்டும்

பழைய அலுவலக டெஸ்க்டாப்பில் டிஸ்க் செருகும் சாட்டா போர்ட் ஆறு உள்ள மதர்போர்டு. 16 ஜிபி ரேம். டெபியன் லினக்ஸ் இருப்பது, மதர்போர்டிலேயே செருகும் ஒரு சின்ன என்விஎம்இ எஸ்எஸ்டியில். டேட்டாவுக்கு 8, 8, 4, 4 டிபி என்று நான்கு டிஸ்க். அளவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, இந்த முறையில் எனக்குப் பிடித்ததே அதுதான். பாரிட்டிக்கு, அதாவது ஒரு டிஸ்க் செத்தால் அதிலிருந்ததைத் திரும்பக் கணக்கிட உதவும் தகவலுக்கு, தனியாக ஓர் 8 டிபி. பாரிட்டி டிஸ்க் இருப்பதிலேயே பெரிய டேட்டா டிஸ்க்குக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்க வேண்டும், சிறியது ஆகாது.

மென்பொருள் இரண்டு. நான்கு டிஸ்க்கையும் ஒரே ஃபோல்டராகக் காட்டுவது அந்தோனியோ முசுமெசி எழுதிய மெர்ஜர்எஃப்எஸ். பாரிட்டி போட்டுக் காப்பது ஆண்ட்ரியா மஸ்ஸோலேனி எழுதிய ஸ்நாப்ரெய்டு. இரண்டும் இலவசம், திறந்த மூலம். எழுதி வைத்த பிறகு அதிகம் மாறாத பெரிய ஃபைல்களுக்கு இந்த ஜோடி நன்றாகப் பொருந்தும். ஓயாமல் மாறுகிற டேட்டாபேஸை இதில் வைக்காதீர்கள்.

டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் (எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும்) வகையா என்று பார்த்துவிடுங்கள். அதில் பழைய இடத்தில் திரும்ப எழுதுவது மிக மெதுவாக நடக்கும், பாரிட்டிக்கு ஆகவே ஆகாது. எஸ்எஸ்டி என்றால் டிஎல்சி என்கிற சிப் வகையை வாங்குங்கள். க்யூஎல்சி வகை விலை குறைவுதான். ஆனால் முதல் சில பத்து ஜிபி பறந்துவிட்டு, உள்ளே இருக்கிற வேகமான பகுதி நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாகிவிடுவதும் உண்டு. ஒரே மூச்சில் 300 ஜிபி இறக்குகிற நம் வேலைக்கு அது சரிப்படாது. தேய்மானத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். 2 டிபி டிஎல்சிக்கு 700 முதல் 1,200 டிபி வரை எழுதலாம் என்று பொதுவாக உத்தரவாதம் தருகிறார்கள். என் வேலை பத்து வருஷத்தில் அதில் பாதியைக்கூடத் தொடாது.

எஸ்எஸ்டி போட்டால் வேகம் கூடுமா?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் தெரிந்துகொண்டு பணத்தைச் செலவழியுங்கள். கிகாபிட் நெட்வொர்க்கில் விநாடிக்குச் சுமார் 110 எம்பிதான் போகும். இன்றைய ஹார்ட் டிஸ்க் ஒரே பெரிய ஃபைலை 150, 200 எம்பி வேகத்தில் எழுதும். ஆக, ஒருவர் மட்டும் ஒரு பெரிய வீடியோவைக் காப்பி செய்தால் எஸ்எஸ்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

வித்தியாசம் தெரிவது கூட்ட நேரத்தில். ஆவணி முகூர்த்தம் முடிந்த இரவு தம்பி ஒரு கம்ப்யூட்டரில் கார்டு இறக்குவான். நான் இன்னொன்றில் ட்ரோன் கார்டை இறக்குவேன். என் மனைவி பழைய கல்யாணத்துக்கு ஆல்பம் பக்கம் அடுக்கிக்கொண்டிருப்பார். மூன்று பேர் கேட்பதற்கும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் ஊசி அங்கும் இங்கும் ஓடும். வேகம் 25 எம்பிக்கு இறங்கி நான் பார்த்திருக்கிறேன். எஸ்எஸ்டியில் ஓடுகிற ஊசி கிடையாது. மூன்று பேரும் நெட்வொர்க்கைப் பங்கிட்டுக்கொண்டாலே போதும். சின்னச் சின்ன ப்ரிவியூ ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஃபோல்டரைத் திறப்பதிலும் அதே நிம்மதி. பகலில் வேலை முழுக்க எஸ்எஸ்டியிலேயே நடப்பதால் ஹார்ட் டிஸ்க்குகள் பாதி நேரம் தூங்கும். சித்திரை வெயிலில் அது பெரிய உபகாரம்.

பிகேஷ், எல்விஎம் கேஷ் மாதிரி, ஃபைல்சிஸ்டத்துக்கு (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் அமைப்பு) அடியிலேயே உட்கார்ந்து எஸ்எஸ்டியை இடைக்கிடங்காக்கும் கேஷ் முறைகள் உண்டு. பிகேஷ் 2013இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது, நல்ல வேலைதான். ஆனால் ரைட்பேக் முறையில் ஓட்டினால், டிஸ்க்குக்கு இன்னும் போகாத துண்டுகள் எஸ்எஸ்டியில் கிடக்கும். எஸ்எஸ்டி போனால் ஹார்ட் டிஸ்க்கிலிருக்கும் ஃபைல்சிஸ்டமும் உடையும். ஒவ்வொரு டிஸ்க்கும் தனியாகத் திறக்க வேண்டும் என்கிற என் கட்டுப்பாட்டுக்கு அது ஒத்துவராது. ஃபைலை முழு ஃபைலாகவே எஸ்எஸ்டியில் வைத்து, பிறகு முழு ஃபைலாகவே டிஸ்க்குக்கு நகர்த்துவதுதான் என் வழி.

டிஸ்க்கைத் தயார் செய்வது

புது டிஸ்க்கை உடனே நம்பாதீர்கள். முதலில் ஸ்மார்ட் (டிஸ்க் தன்னைத்தானே பரிசோதிக்கும் வசதி) நீண்ட சோதனை. நேரம் இருந்தால் பேட்பிளாக்ஸ் கட்டளையின் எழுதும் சோதனையும் ஓட்டுங்கள். அது நான்கு முறை எழுதி நான்கு முறை படிப்பதால் 8 டிபி டிஸ்க்குக்கு ஐந்து நாள் பிடிக்கும். பிளாக் அளவை 4,096 என்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய டிஸ்க்கில் ஓட மறுக்கலாம். டிஸ்க்கில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் எல்லாம் அழிந்துபோகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பெயர் வையுங்கள். என் டேட்டா டிஸ்க்குகள் வெண்ணாறு, கோரையாறு, பாமணி, வெட்டாறு. பாரிட்டி காவிரி. எஸ்எஸ்டி களம். பெயரையும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தையும் காகிதத்தில் எழுதி டிஸ்க்கின் முன்விளிம்பில் ஒட்டியிருக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு ஒரு டிஸ்க்கைக் கழற்ற வேண்டி வரும்போது கை தப்பான டிஸ்க்கைப் பிடிக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம். அது தானாகவே 5 சதவீத இடத்தை நிர்வாகிக்கு என்று ஒதுக்கும், 8 டிபியில் அது 400 ஜிபி. பாரிட்டி டிஸ்க்கில் இந்த ஒதுக்கீட்டைப் பூஜ்யமாக்குங்கள். டேட்டா டிஸ்க்கில் 2 சதவீதம் விட்டுவையுங்கள். பாரிட்டி ஃபைல் டேட்டாவைவிடச் சற்றே அதிக இடம் கேட்கும். இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவாக இருந்தால், டேட்டா விளிம்புவரை நிரம்பும்போது பாரிட்டி முட்டிக்கொள்ளும். அந்த 2 சதவீதம் அதற்கான இடைவெளி.

மவுண்ட் செய்யும்போது (டிஸ்க்கை ஒரு ஃபோல்டரில் இணைக்கும்போது) சாதனப் பெயரைப் போடாமல், டிஸ்க்கின் மாறாத அடையாள எண்ணான யுயுஐடி போடுங்கள். ஒரு டிஸ்க் வராவிட்டாலும் சர்வர் எழும்புவதற்கு நோஃபெயில் என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள். அதற்கு அடுத்த வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன், அதற்கான விலையையும் கொடுத்தேன்.

ஒரு தீபாவளி வாரம். கரண்ட் போய் வந்தபோது எஸ்எஸ்டியின் சாட்டா கேபிள் லேசாக நழுவியிருந்தது. சர்வர் எழுந்தது, எஸ்எஸ்டி மட்டும் மவுண்ட் ஆகவில்லை. ஆனால் அது மவுண்ட் ஆக வேண்டிய காலி ஃபோல்டர் டெபியன் இருக்கும் என்விஎம்இயில் அப்படியே இருந்தது. மெர்ஜர்எஃப்எஸ்ஸுக்கு அது இன்னொரு ஃபோல்டர், அவ்வளவுதான். ஒரு நிச்சயதார்த்தம் முழுக்க அதற்குள் போய் விழுந்தது. மறுநாள் கேபிளை அழுத்திச் செருகி மறுபடி எழுப்பினேன். எஸ்எஸ்டி வந்து அதே ஃபோல்டர்மேல் உட்கார்ந்தது, நிச்சயதார்த்தத்தைக் காணவில்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ரூட் ஃபைல்சிஸ்டத்தை (டெபியன் இருக்கும் என்விஎம்இயை) வேறொரு இடத்திலும் தெரியும்படி பைண்ட் மவுண்ட் செய்து பார்த்தபோது, எஸ்எஸ்டிக்கு அடியில் எல்லாம் பத்திரமாக இருந்தது.

இதைத் தடுக்க ஒரே ஒரு வரி போதும். டிஸ்க் மவுண்ட் ஆவதற்கு முன், காலி ஃபோல்டருக்கு சிஹெச்ஆட்டர் கட்டளையால் மாற்ற முடியாத கொடியைப் போட்டுவிடுங்கள். டிஸ்க் மேலே வந்து உட்கார அது தடையில்லை. டிஸ்க் இல்லாதபோது அந்த ஃபோல்டரில் யாராலும் எழுத முடியாது, காப்பி அங்கேயே பிழை காட்டி நிற்கும். ஆறு டிஸ்க்குக்கும் போடுங்கள்.

இரண்டு பூல்கள்

மெர்ஜர்எஃப்எஸ்ஸில் ஒன்றல்ல, இரண்டு பூல், அதாவது டிஸ்க்குகளைச் சேர்த்துக் காட்டும் இரண்டு ஃபோல்டர், உருவாக்க வேண்டும்.

முதலாவதை முற்றம் என்று வைத்திருக்கிறேன். அதில் களம் முதலில், பிறகு நான்கு ஹார்ட் டிஸ்க்குகள். புது ஃபைல் எழுதும் கொள்கை எஃப்எஃப், அதாவது வரிசையில் முதலில் இடம் இருக்கிற டிஸ்க். ஆகவே எது வந்தாலும் எஸ்எஸ்டிக்கே போகும். குறைந்தபட்சக் காலி இடம் என்று ஓர் அமைப்பு உண்டு, தானாக 4 ஜிபி இருக்கும். அதை 100 ஜிபி ஆக்கினேன். எஸ்எஸ்டியில் 100 ஜிபிக்குக் கீழே இறங்கியதும் அடுத்த ஃபைல் தானாக ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்விடும். ஒரு ஃபைலை எழுதத் தொடங்கும்போது அது எவ்வளவு பெரிதாகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் இந்த எண் உங்களுடைய மிகப் பெரிய ஒற்றை ஃபைலைவிட அதிகமாக இருக்க வேண்டும். இடம் தீர்ந்தால் ஃபைலை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடும் வசதியையும் போட்டுவையுங்கள். நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் சம்பா வழியாக வீட்டில் எல்லோருக்கும் தெரிவது முற்றம் மட்டும்தான். ஃபைல் எஸ்எஸ்டியில் இருந்தாலும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தாலும் அவர்களுக்கு ஒரே இடம்.

இரண்டாவது பூல் பத்தாயம். இதில் ஹார்ட் டிஸ்க்குகள் மட்டும், எஸ்எஸ்டி கிடையாது. கொள்கை எம்எஸ்பிஎம்எஃப்எஸ். ஃபோல்டர் ஏற்கெனவே எந்த டிஸ்க்கில் இருக்கிறதோ அங்கேயே சேர்க்கும், அங்கே இடம் போதாவிட்டால் மட்டும் மேல் ஃபோல்டரைப் பார்த்து வேறு டிஸ்க்குக்குப் போகும். ஒரு கல்யாணம் முடிந்தவரை ஒரே டிஸ்க்கில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இது. நாளைக்கே வெட்டாறு செத்தாலும் எந்தெந்தக் குடும்பத்தின் படம் அதில் இருந்தது என்று சொல்ல முடியும். ஒரு கல்யாணம் நான்கு டிஸ்க்கில் சிதறிக் கிடந்தால் சொல்ல முடியாது. வருஷம் பிறந்ததும் அந்த ஆண்டின் ஃபோல்டரை நான்கு டிஸ்க்கிலும் கையால் உருவாக்கிவிடுங்கள். இல்லையென்றால் வருஷத்தின் எல்லாக் கல்யாணமும் முதல் டிஸ்க்கிலேயே போய்க் குவியும்.

களத்திலிருந்து பத்தாயத்துக்கு

இரவு ஒரு மணிக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடும். எஸ்எஸ்டியில் 15 நாளாக யாரும் திறக்காத ஃபைல்களைத் தேடி, ஆர்சிங்க் என்கிற காப்பிக் கட்டளை மூலம் பத்தாயத்துக்குக் காப்பி செய்து, சரியாகப் போய்ச் சேர்ந்ததை எஸ்எஸ்டியிலிருந்து நீக்கும். எடிட்டிங் ஓடும்வரை ஃபைலை யாராவது திறந்துகொண்டே இருப்போம், அதனால் அது களத்திலேயே இருக்கும்.

இங்கே மூன்று குழி இருக்கிறது.

திருத்திய தேதியை வைத்துத் தேடாதீர்கள். விண்டோஸிலிருந்து காப்பி செய்தால் கேமரா எழுதிய தேதியே கூட வரும். ஒரு கேமராவின் கடிகாரம் தப்பாக இருந்தால் இன்றைக்கு இறக்கிய ஃபைல் பழையதாகத் தெரிந்து இன்றிரவே நகர்ந்துவிடும். கடைசியாகத் திறந்த தேதியை வைத்துத் தேடுங்கள். அதற்கு எஸ்எஸ்டியை, திறந்த தேதியைப் பதியாத நோஏடைம் போட்டு மவுண்ட் செய்யக் கூடாது. லினக்ஸில் தானாக இருக்கும் ரெல்ஏடைம் ஒரு நாளைக்கு ஒரு முறையாவது தேதியைப் புதுப்பிக்கும், 15 நாள் கணக்குக்கு அது தாராளம்.

ஸ்கிரிப்ட் எழுதும் இடம் பத்தாயமாகத்தான் இருக்க வேண்டும், முற்றமாக இருக்கவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். முற்றத்துக்குள் எஸ்எஸ்டியும் இருக்கிறது. எஸ்எஸ்டியிலிருந்து முற்றத்துக்கு நகர்த்தச் சொன்னால், ஆர்சிங்க் அதே ஃபைலை அங்கே பார்த்து, சேர்ந்துவிட்டது என்று முடிவு செய்து, மூலத்தை நீக்கும். மூலமும் இலக்கும் ஒரே ஃபைல் என்பதால் இரண்டும் போய்விடும். ஸ்கிரிப்டை எழுதியதும் ஒரு சோதனை ஃபோல்டரில் பத்து உதவாத ஃபைலை வைத்து ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, நகர்த்துவது முடிந்த பிறகுதான் ஸ்நாப்ரெய்டு சிங்க் (பாரிட்டியைப் புதுப்பிக்கும் வேலை) ஓட வேண்டும். இரண்டையும் தனித்தனி நேரத்தில் போட்டால், ஒரு நாள் நகர்த்தல் நீண்டு சிங்க்கோடு மோதும். ஒரே ஸ்கிரிப்டில் ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள்.

பாரிட்டி எப்போது காக்கும், எப்போது காக்காது

ஸ்நாப்ரெய்டு நொடிக்கு நொடி காக்காது. கடைசியாக சிங்க் ஓடிய நேரத்தில் ஹார்ட் டிஸ்க்குகள் எப்படி இருந்தனவோ அந்த நிலையைத்தான் காக்கும். எஸ்எஸ்டியை அதில் சேர்க்கவே கூடாது. தினமும் ஃபைல் வந்து போகிற டிஸ்க் பாரிட்டியைக் கெடுத்துவிடும். அப்படியானால் களத்தில் இருக்கும் 15 நாளும் அந்தக் கல்யாணத்துக்கு இருப்பது ஒரே ஒரு நகல்தான்.

“அண்ணே, கார்டு எல்லாம் இறங்கிடுச்சு, ஃபார்மட் போட்டுடவா?” என்று ஒவ்வொரு முகூர்த்தத்து இரவும் தம்பி கேட்பான். “போடாதடா தம்பி, காலையில பார்த்துக்கலாம்” என்பதுதான் எப்போதும் என் பதில். கார்டு இறங்கிய இரவே எஸ்எஸ்டியில் இருக்கும் புதியவற்றை, நகர்த்தாமல், பத்தாயத்தில் தனி ஃபோல்டருக்கு இன்னொரு நகல் எடுக்கும்படி ஸ்கிரிப்டில் சேர்த்திருக்கிறேன். பிறகு சிங்க். அது பிழையில்லாமல் முடிந்தால் காலையில் என் போனுக்கு ஒரு செய்தி வரும். அதைப் பார்த்த பிறகே கார்டுப் பெட்டியில் தலைகீழாக வைத்திருக்கும் கார்டுகள் ஃபார்மட் ஆகும். கல்யாணம் முறையாகப் பத்தாயத்துக்குப் போனதும் அந்தத் தனி நகல் அழியும். இதற்காக மூன்று செட் கார்டு அதிகம் வாங்க வேண்டியிருந்தது. யோசிக்காமல் வாங்கினேன்.

சிங்க்குக்கு முன்னால், மாற்றங்களைப் பட்டியலிடும் டிஃப் ஓட்டி, அழிந்த ஃபைல்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். என் ஸ்கிரிப்டில் எல்லை 50. அதற்கு மேல் அழிந்திருந்தால் சிங்க் நின்றுவிடும், எனக்குச் செய்தி வரும். காரணம் இதுதான்: சிங்க் ஓடிவிட்டால் அழிந்ததை மீட்க வழியில்லை, ஓடவில்லை என்றால் உண்டு. ஒரு மாலை தவறுதலாக ஒரு வளைகாப்பு ஃபோல்டர் முழுவதும் அழிந்தது. காணாமல் போனதை மட்டும் மீட்கும்படி ஃபிக்ஸ் ஓட்டினேன், இரவு சாப்பாட்டுக்குள் எல்லாம் திரும்ப வந்தது. வருஷம் முடிந்த ராவை நானே அழிக்கும் நாளில் மட்டும் சிங்க்கைக் கையால் ஓட்டுவேன்.

எந்த ஃபைல் எங்கே என்ற பட்டியலான ஸ்நாப்ரெய்டின் கன்டென்ட் ஃபைலை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். அது தொலைந்தால் பாரிட்டி இருந்தும் பயனில்லை. என்விஎம்இயிலும் நான்கு டேட்டா டிஸ்க்கிலும் ஆளுக்கொரு நகல் வைத்திருக்கிறேன்.

வாரம் ஒரு முறை ஸ்க்ரப். தானாக விட்டால் 8 சதவீதம் படித்துச் சரிபார்க்கும். மூன்று மாதத்தில் மொத்தமும் ஒரு சுற்று வந்துவிடும்.

ஆடி மாதத்து வேலை

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. எனக்கு அதுதான் டிஸ்க் பார்க்கும் காலம். பெட்டியைத் திறந்து தூசி ஊதி, கேபிள்களை ஒவ்வொன்றாக அழுத்தி, முழு ஸ்க்ரப் ஓட்டுவேன்.

ஸ்மார்ட் அட்டவணையில் நான் பார்ப்பது 5, 197, 198 ஆகிய மூன்று எண்கள். இவை பூஜ்யத்திலிருந்து ஏற ஆரம்பித்தால் டிஸ்க்கின் தட்டில் கோளாறு. 199 ஏறினால் அநேகமாகக் கேபிள்தான், டிஸ்க்கைத் தூக்கி எறியாதீர்கள். சூடு 45 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. எஸ்எஸ்டிக்கு வாரம் ஒரு முறை ட்ரிம் (அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் வேலை) ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

போன ஆடியில் பாமணியின் 197 எட்டு என்று காட்டியது. நான்கு நாளில் 64. டிஸ்க் இன்னும் படிக்க முடிகிற நிலையில் இருந்தால் பாரிட்டியிலிருந்து மீட்கத் தொடங்க வேண்டாம், நேராகக் காப்பி செய்வதே நல்லது. முதலில் இரவு வேலையை நிறுத்தினேன். புது 8 டிபியைத் தயார் செய்து, தேதிகள் மாறாமல் ஆர்சிங்க்கில் எல்லாவற்றையும் காப்பி செய்தேன். 4 டிபிக்கு ஓர் இரவு பிடித்தது. ஸ்நாப்ரெய்டு அமைப்பில் பாமணியின் பாதையைப் புது டிஸ்க்குக்கு மாற்றி டிஃப் ஓட்டினேன். எதுவும் குறைந்ததாகவோ மாறியதாகவோ காட்டவில்லை. பிறகு அந்த டிஸ்க்குக்கு மட்டும் ஹேஷ் (ஃபைலின் கைரேகை மாதிரி) சரிபார்ப்பு. இரண்டு ஃபைல்கள் பொருந்தவில்லை, அந்த இரண்டை மட்டும் ஃபிக்ஸ் பாரிட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அப்புறம்தான் சிங்க். பழைய டிஸ்க் ஒரு மாதம் அலமாரியில் இருந்தது.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று விடாதீர்கள். பல வீட்டு இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் முறைக்கு மாற்றும் சுவிட்ச் உண்டு, சாதாரண முறையில் மாறும் இடைவெளியில் சர்வர் அணைந்துபோகலாம். நான் தனியாக ஒரு சின்ன யுபிஎஸ் வைத்து, யுஎஸ்பி வழியாகச் சர்வரோடு இணைத்திருக்கிறேன். பேட்டரி இறங்கினால் அதுவே முறையாக அணைத்துவிடும்.

இவ்வளவும் செய்தாலும் எல்லா டிஸ்க்கும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன. முடித்த படங்கள் மட்டும் ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில், தஞ்சாவூரில் என் அக்கா வீட்டு பீரோவில் இருக்கின்றன. மாதம் ஒரு முறை பெரிய கோயிலுக்குப் போகும்போது ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கி வருகிறேன்.